மரம் பார்க்கும் பஞ்சாங்கம்

புரட்டாசி பாதி தாண்டினால் எங்கள் தெருவில் ஒருவர் வருவார். சைக்கிள் கேரியரில் தாம்புக்கயிறு, ஹேண்டில்பாரில் அரிவாள், நீளவாட்டில் கட்டிய தொரட்டி. வீடு வீடாகக் கேட்டைத் தட்டி, "மழைக்கு முன்னாடி மரத்தைக் கழிச்சு விட்ருவோமா சார்?" என்பார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைத் தெருக்களை மரங்களால் அடைத்துப் போட்டதை நேரில் பார்த்தவர்களுக்கு, அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது.

எனக்கும் வரவில்லை. ஒரு வருஷம் அவர் வரத் தாமதமாகி, கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் வந்தார். வாசல் மாமரத்தைக் காட்டினேன். மூன்று மணி நேரம். சுற்றிலும் நுனியெல்லாம் வெட்டி, முடிதிருத்தகத்திலிருந்து எழுந்து வந்த பையனைப் போல மரத்தை உருண்டையாக்கிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தை பிறந்தது. பக்கத்து வீட்டு மாமரம் பூவில் மூழ்கியிருந்தது. எங்கள் மரத்தில் பூ ஒன்றுகூட இல்லை. செம்பு நிறத்தில் தளதளவென்று தளிர்தான் விட்டிருந்தது. அந்தக் கோடையில் மாங்காயைக் கடையில் வாங்கினோம்.

அடுத்த முறை அவர் வந்தபோது, "என்ன அண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்களே?" என்றேன். "கழிக்கச் சொன்னீங்க, கழிச்சேன். காய் வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. மாமரம் பூப்பது கிளையின் நுனியில். அதிலும் பச்சைத் தளிரில் பூக்காது. துளிர்த்து, நிறம் மாறி, தடித்து, சில மாதம் முதிர்ந்த நுனியில்தான் மார்கழி, தையின் குளிர்ச்சிக்குப் பூங்கொத்து எடுக்கும். நான் கார்த்திகையில் வெட்டி வீசச் சொன்னது அடுத்த கோடையின் மாங்காய்களை. மாமரத்துக்குக் கத்தி வைக்க வேண்டிய காலம் காய் பறித்து முடிந்த கையோடு, அதாவது ஆடி, ஆவணி. அப்போது வெட்டினால் புதுத் தளிர் முதிர்ந்து பூக்க அவகாசம் கிடைக்கும். அதுவும் ஆண்டுதோறும் தேவையில்லை. நடுவில் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் காய்ந்ததையும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுத்து, உள்ளே வெயில் விழவைத்தால் போதும்.

பூ எந்தக் கிளையில்?

கத்தரியைக் கையில் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தச் செடி புதுத் தளிரில் பூக்கிறதா, முதிர்ந்த கிளையில் பூக்கிறதா? பதில் தெரிந்துவிட்டால் மாதம் தானாகத் தெரிந்துவிடும்.

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். அது புதுத் தளிரில் பூக்கும் ஜாதி. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை வளர்ப்பவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில் புதரைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். குச்சி குச்சியாக, ஆடு மேய்ந்த மாதிரி நிற்கும். அந்தக் குச்சிகளின் கணுக்களிலிருந்து கிளம்பும் தளிர்தான் பங்குனி தொடங்கி ஆடி வரை கூடை நிறைக்கிறது. முல்லைக்கு அதே வேலை இரண்டு மாதம் தள்ளி, ஜனவரி இறுதியில். வீட்டில் தொட்டியிலோ பந்தலிலோ மல்லி வைத்திருப்பவர்கள் பலர் வெட்ட மனம் வராமல் விட்டுவிடுகிறார்கள். கொடி கொடியாக ஓடுகிறது, உயரத்தில் நாலு பூ பூக்கிறது. "எங்க வீட்டு மல்லி பூக்கவே மாட்டேங்குது" என்று அங்கலாய்ப்பவர்களில் பாதிப் பேருக்கு மருந்து உரக்கடையில் இல்லை, கத்தரியில் இருக்கிறது.

இதற்குள் ஒரு சின்ன விஞ்ஞானம் உண்டு. கிளையின் நுனி மொட்டில் ஆக்சின் என்ற ஊக்குநீர் சுரந்து கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கும் வரை கீழே இருக்கும் கணு மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் இருக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்காத கதைதான். நுனியை எடுத்துவிட்டால் கீழே இரண்டு, மூன்று மொட்டுகள் ஒன்றாக விழிக்கும். ஒரு கிளை மூன்றாகும். கறிவேப்பிலையை இடுப்பு உயரத்தில் கிள்ளிவிட்டால் புதராகப் பரவுவதும் இதனால்தான். கிள்ளாமல் விட்டால் மாடிக்குப் போய்விடும். பிறகு ரசத்துக்கு இரண்டு ஈர்க்கு வேண்டுமென்றாலும் ஏணி போட வேண்டும்.

கொய்யாவும் புதுத் தளிரில் காய்ப்பதுதான். நுனியில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் அளவுக்கு செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறையும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறையும் வெட்டிவிடலாம். மாதுளைக்கு டிசம்பர், போன பருவத்துக் குச்சிகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் மாசி, பங்குனியில் பூ. ரோஜாவுக்குச் சமவெளியில் பெருமழையின் உக்கிரம் குறைந்த பிறகு. வெளிப்பக்கம் பார்த்த மொட்டு ஒன்றைத் தேர்ந்து, அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். உள்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேல் வெட்டினால் செடி தனக்குள்ளேயே முள்ளை வளர்த்துக்கொண்டு அடைந்துவிடும். ஒட்டுரோஜாவில் ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைக் கண்டதும் கிள்ளுங்கள். அதைச் 'செழிப்பா வருதே' என்று விட்டுவைத்து, கடைசியில் காட்டு ரோஜாவை வளர்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் பொறுமைசாலிகள். கடும் வெயில், அடைமழை இரண்டையும் தவிர்த்து எப்போது வெட்டினாலும் மன்னித்துவிடும். காகிதப்பூவை ஒரு பூப்பு அடங்கியதும் வெட்டித் தண்ணீரைக் கொஞ்சம் காயப்போட்டால் மறுபடி பூக்கும். அரளியை வெட்டும்போது கையுறை போடுங்கள், வெட்டிய குச்சியை எரிக்காதீர்கள். பால் மட்டுமல்ல, புகையும் நஞ்சு.

செடியைச் செதுக்குவதற்கு நம்மிடம் புழங்கும் சொல் கவாத்து. போலீஸ்காரர்கள் மைதானத்தில் வரிசையாகக் கால் தூக்கி நடப்பதற்கும் கவாத்து என்றுதான் பெயர். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் இந்தச் சொல் இன்றும் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. வருஷக்கணக்கில் கொழுந்து கிள்ளிய மலையைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்று வைத்துக் கவாத்து வெட்டுவார்கள். வெட்டிய மலை சாம்பல் நிறத்தில் மொட்டையாகக் கிடக்கும். சில மாதத்தில் தேயிலை பச்சை பிடித்துவிடும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு தெருவில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தையும் அப்படியே வெட்டலாம் என்று நினைத்தால்தான் வினை.

மொட்டை அடித்தால் பாதுகாப்பா?

புயலுக்குப் பயந்து மரத்தின் தலையை நட்ட நடுவில் வெட்டுவது நம் ஊரில் பாதுகாப்பு நடவடிக்கை என்றே ஆகிவிட்டது. நடப்பது நேர்மாறு. இலை முழுவதையும் இழந்த மரம் பட்டினியில் இருக்கிறது. உயிர் பிழைக்க, பட்டைக்கடியில் உறங்கிய மொட்டுகளையெல்லாம் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். வெட்டுமுனையைச் சுற்றித் துடைப்பம் போலக் கிளம்பும் அந்தக் குச்சிகளுக்குத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் நீர்ப்போத்து. வேகமாக வளரும், ஆனால் மரத்தின் உள்கட்டையில் வேர்பிடிப்பு இல்லாமல் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். இதற்கிடையில் வெட்டுமுனை மழைநீர் குடித்து அழுகத் தொடங்கியிருக்கும். மூன்றாவது, நான்காவது வருஷம் வரும் புயலுக்கு, கனத்துப்போன நீர்ப்போத்துகள் அழுகிய முனையிலிருந்து பிய்ந்து காரின் மேல் விழும். ஆக, அன்று பயந்து வெட்டியதுதான் இன்று பயப்பட வேண்டியதாகிறது.

காற்று மரத்தைத் தள்ளுவது பாய்மரத்தைத் தள்ளுவது மாதிரி. பாயைக் கிழித்து ஓட்டை போட்டால் காற்று ஊடே போய்விடும். கிளைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, குறுக்கே போவதையும் காய்ந்ததையும் அடிவரை எடுத்தால் போதும். ஒரு பருவத்தில் மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் தொடக் கூடாது. இந்த வேலையை ஆவணிக்குள் முடிப்பது உத்தமம். புரட்டாசி கடைசியில்கூடச் செய்யலாம். அடைமழையில் மட்டும் பெரிய வெட்டு வேண்டாம், பூஞ்சை காத்திருக்கும். அக்கினி நட்சத்திரத்திலும் வேண்டாம். அதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென்று மே மாத வெயிலைப் பார்த்தால் வெந்து வெடித்துவிடும்.

வர்தாவில் விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். எத்தனையோ மரங்களில் வேர் ஒரு பக்கம் முழுக்க வெட்டப்பட்டிருந்தது. கேபிளுக்கு ஒரு பள்ளம், மழைநீர் வடிகாலுக்கு ஒன்று, நடைபாதைக்குக் கழுத்தை இறுக்கும் சிமென்ட் ஒன்று. கிளையை வெட்டி மரத்தைக் காப்பாற்றப் பார்க்கும் நாம், வேரை வெட்டியதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

வெட்டும் முறைக்கு வருவோம். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார். மனிதத் தோல் போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை; சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலை உள்ளேயே அடைத்துப் போட்டுவிட்டு, வெளியே புது மரம் வளர்த்துக்கொள்கிறது என்று 1970-களில் எழுதினார். அந்தச் சுவர் எழும்பும் இடம் கிளையின் அடியில் மோதிரம் போலப் புடைத்திருக்கும் பகுதி. வெட்டு அந்த மோதிரத்துக்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். மரத்தோடு மரமாக வழித்து வெட்டினால் மோதிரம் போச்சு. ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்தக் கட்டை அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். கை கனத்துக்கு மேற்பட்ட கிளையென்றால் மூன்று வெட்டு: முதலில் ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து கால்வாசி, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும், கடைசியில் மிஞ்சிய கட்டையை மோதிரத்தை ஒட்டி. அடிவெட்டு இல்லாமல் மேலிருந்தே அறுத்தால் கிளை தன் கனத்தில் சாயும்போது தாய்மரத்துப் பட்டையை ஒரு கோவணம் அகலத்துக்கு உரித்துக்கொண்டு போகும். முருங்கைக் கிளை அப்படி உரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள்.

வெட்டுவாயில் சாணி பூசுவதா, பெயின்ட் அடிப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. பெயின்ட் அழுகலைத் தடுப்பதில்லை என்பதுதான் ஷைகோ கண்டது. நம் பழத்தோட்டங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ, பத்து லிட்டர் தண்ணீரில் குழைத்த போர்டோ பசையைப் பூஞ்சைக்காகப் பூசுவார்கள். மழைக்காலத்தில் பெரிய வெட்டு தவிர்க்க முடியாமல் போனால் அதைப் பூசலாம். ரூபாய் நாணய அளவு வெட்டுக்கு ஒன்றும் வேண்டாம். கத்தரியை ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்வது எந்தப் பசையையும்விடப் பலன் தரும்.

தென்னை, பனைக்கு இதெல்லாம் பொருந்தாது. அவற்றுக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்று. காய்ந்த மட்டையை மட்டும் இழுக்கலாம், பச்சை மட்டையைத் தொடக் கூடாது. மின்கம்பி ஊடே போகும் கிளை என்றால் மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். தெருவோர மரம் உங்கள் வாசலில் நின்றாலும் உங்களுடையது அல்ல, வெட்ட அனுமதி வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். ஏறும் முன் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். முசுறு எறும்பு இலையைத் தைத்துக் குடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், அது உங்கள் நன்மைக்கு.

பவளமல்லி இடம் மாறிய கதை

பழைய வீட்டை ப்ரமோட்டரிடம் கொடுத்தபோது, அங்கே இருந்த அம்மா கேட்டது ஒன்றுதான். "கொல்லைப் பவளமல்லி என்ன ஆகும்?" தையில் இடிப்பதாகப் பேச்சு. எங்களுக்குக் கிடைத்தது மூன்று மாதம். மரம் இடம் மாற்றுவதில் அதிர்ஷ்டம் என்பது பெரும்பாலும் இந்த மூன்று மாதம்தான்.

மரத்தின் தண்ணீர் குடிக்கும் நுண்வேர்கள் தண்டை ஒட்டி இருப்பதில்லை. கிளைப்பரப்பின் ஓரத்திலும் அதைத் தாண்டியும், மேல்மண்ணில் இரண்டடிக்குள் பரவிக் கிடக்கின்றன. நாம் தோண்டி எடுக்கும் மண்பந்தில் வருவது கட்டை வேர்கள்தான். வாய் அங்கேயே நின்றுவிடும். அதனால் முன்கூட்டியே, தண்டைச் சுற்றி வட்டம் போட்டுப் பள்ளம் வெட்டி வேரை அறுத்துவிட வேண்டும். அறுபட்ட முனையில் புது நுண்வேர் கிளம்பும், அதுவும் பந்துக்கு உள்ளேயே. வட்டத்தின் அளவு தண்டின் குறுக்களவைப் போலப் பத்து, பன்னிரண்டு மடங்கு. பவளமல்லித் தண்டு என் மணிக்கட்டு கனம் இருந்தது. இரண்டடி வட்டம் போட்டேன்.

ஐப்பசியில் வட்டத்தின் எதிரெதிர்க் கால்பகுதிகளை மட்டும் ஒன்றரையடி ஆழம் தோண்டி, மணலும் இலைமக்கும் கலந்து மூடினேன். மூன்று வாரம் கழித்து மீதிக் கால்பகுதிகள். மழை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டது. மார்கழிக் கடைசியில், வானம் வெளுத்த ஒரு சாயங்காலத்தில் ஓரத்தைக் கிளறிப் பார்த்தபோது, மணலுக்குள் வெள்ளை வெளேரென்று இடியாப்பம் மாதிரி வேர். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப எடுக்கலாம்டா" என்றார், தானே நாள் பார்த்தவர் போல.

எடுக்கும் முன் வடக்குப் பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு. புது இடத்திலும் அந்தப் பக்கம் வடக்கே பார்க்க வேண்டும். நிழல் பழகிய பட்டையை மேற்கு வெயிலுக்குத் திருப்பக் கூடாது. முதல் நாள் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை இறுகவைத்தோம். பிறகு அடிவேரை அறுத்து, பந்தைக் கோணிச்சாக்கில் சுற்றிக் கயிறு கட்டித் தூக்கப் போனால், அசையவில்லை. இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழம் ஈரமண் இருநூறு கிலோவை நெருங்கும் என்ற கணக்கை நான் போடவில்லை. சித்தாள் நான்கு பேர் வந்தார்கள். தண்டைப் பிடித்துத் தூக்கப் போனவரைத் தடுத்து, சாக்கைப் பிடிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தண்டைப் பிடித்தால் பந்து உடைந்து போகும். குட்டியானை வண்டியில் ஏற்றி, அம்மாவின் பழைய புடவை ஒன்றை நனைத்துத் தலையைச் சுற்றிக் கட்டினோம். வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அரை மணி நேரத்தில் இலையை உலர்த்திவிடும்.

இலையில் பாதியை உருவிவிட்டேன். இடம் மாற்றும்போது கிளையையும் இலையையும் குறைக்க வேண்டாம், வேர் வளர இலைதான் உணவு தருகிறது என்று குளிர்நாட்டு நிபுணர்கள் சொல்வார்கள். அவர்கள் ஊர் வெயில் அதற்கு இடம் கொடுக்கிறது. நம் வெயிலில் வாய் இல்லாத மரத்திடம் அத்தனை இலைக்குத் தண்ணீர் கேட்பது கொடுமை. கிளையை விட்டுவிடலாம், இலையைக் குறைக்கலாம் என்பது என் சமரசம்.

எங்கள் வீட்டில் நாலடி அகலக் குழி தயாராக இருந்தது. ஆழம் பந்தின் உயரம் மட்டும். "இன்னும் ஓரடி எறக்குங்க சார், அப்பத்தான் காத்துக்கு நிக்கும்" என்றார் கொத்தனார். தண்டு வேராக விரியும் கழுத்துப்பகுதி மண்ணுக்குள் போனால் பட்டை மூச்சுமுட்டி அழுகும். மரம் உடனே சாகாது, இரண்டு வருஷம் கழித்துக் காரணம் தெரியாமல் சாகும். நான் பிடிவாதமாக இருந்தேன். மண் போட்டு, குமிழி அடங்கும்வரை தண்ணீர் விட்டு, மூன்று மூங்கில் ஊன்றித் தளர்வாகக் கட்டினோம். மரம் கொஞ்சம் ஆடினால்தான் வேர் கெட்டிப்படும். எரு, உரம் எதுவும் போடவில்லை.

பத்து நாளில் மிச்ச இலையும் கொட்டிவிட்டது. பொங்கல் கழிந்து வந்த அத்தான், "என்ன மாப்ளே, விறகை நட்டு வச்சிருக்கே?" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் போய், ஒரு சிறு கிளையில் நகத்தால் கீறினார். பட்டைக்கடியில் பச்சை. திரும்பி வந்து அத்தானுக்குக் காபி கொடுத்தார். மாசிக் கடைசியில் கணுவில் அரிசி அளவு முளை.

மனிதர்கள் மரம் பெயர்ப்பது இன்று நேற்றல்ல. எகிப்தின் ஹட்ஷெப்சுட் ராணி புந்த் நாட்டிலிருந்து சாம்பிராணி மரங்களைக் கூடையில் வேரோடு கப்பலேற்றிக் கொண்டுவந்த காட்சி, டெயிர் எல் பஹ்ரி கோயில் சுவரில் மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அந்தச் சிற்பத்திலும் கூடையோடுதான் தூக்குகிறார்கள், தண்டைப் பிடித்தல்ல. நம் ஊரில் சாலை அகலப்படுத்தும்போது நடக்கும் 'இடமாற்றம்' பலமுறை இதற்குத் தலைகீழ். ஜேசிபியால் ஒரே நாளில் பிடுங்கி, எல்லாக் கிளையையும் அறுத்துக் கம்பமாக்கி, சித்திரை வெயிலில் எங்கோ குழியில் நிறுத்திவிட்டு, மறுவாரம் தண்ணீர் லாரியை நிறுத்திவிடுவது. ஆல், அரசு, பூவரசு மாதிரி போத்து நட்டாலே பிழைக்கும் ஜாதிகள் அதையும் தாங்கிவிடும். ஆணிவேரை நம்பும் வளர்ந்த மா தாங்காது. வேர் அறுக்க மூன்று மாதம், நட்ட பிறகு இரண்டு கோடை தண்ணீர் என்று ஒப்பந்தத்தில் எழுதாத இடமாற்றம், மரம் வெட்டுவதற்கு இன்னொரு பெயர்.

மாதக்கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னது வடகிழக்குப் பருவமழையில் நனையும் சென்னைப் பக்கத்துக் கணக்கு. இங்கே பெரிய மரம் நட அடைமழையைத் தவிர்த்து, மண் ஈரமாகவும் வெயில் மென்மையாகவும் இருக்கும் மார்கழி, தை நல்லது. சிறு கன்றுக்குப் புரட்டாசியே போதும். பொள்ளாச்சி, கோவைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் கிளை முறிக்கும். கழிப்பதை வைகாசிக்குள் முடித்துவிட்டு, ஆடிச் சாரலில் கன்று நடலாம். கன்னியாகுமரிக்காரர்களுக்கு இரண்டு மழையும் உண்டு, அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட மட்டுமே நம்மால் முடியும்.

இந்தப் புரட்டாசியிலும் அவர் வந்தார். சைக்கிள் போய் மொபெட் வந்திருக்கிறது. "மாமரம் பக்கம் போகாதீங்க அண்ணே, அது ஆடியிலயே ஆச்சு. முருங்கை மட்டும். மழையில கனத்து முறியும்" என்றேன். நெஞ்சு உயரத்துக்கு இறக்கினார். வெட்டிய போத்தில் நேரான இரண்டைத் தனியே எடுத்து வண்டியில் கட்டிக்கொண்டார், தன் வீட்டில் நட. கேட்டைச் சாத்தும்போது பவளமல்லியை அண்ணாந்து பார்த்து, "இது எப்ப சார்?" என்றார்.

"பூ ஓயட்டும். தைக்கு வாங்க."